ஒரு துருத்திப் பெட்டியின் வழக்கு

அகில இந்திய வானொலி நிலையங்கள் விடியற்காலையில் ஒலிபரப்பைத் தொடங்குமுன் ஒலிக்கும் சிறிய முகப்பிசையை, அதாவது தம்பூராவின் சுருதிமீது வயலின் மெல்ல எழுந்து சிவரஞ்சனியின் சாயலைக் காட்டிவிட்டு அடங்குகிற அந்த நாதத்தை, வீட்டில் வானொலிப் பெட்டியோடு வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்த எவரும் மறந்திருக்க நியாயமில்லை. கேட்டமாத்திரத்தில் இது நம் நாட்டுச் சரக்கு என்று உள்ளம் சொல்லும். எந்தக் காலத்திலோ யாரோ ஒரு ரிஷி நமக்காக வைத்துவிட்டுப் போனது என்றுகூட ஒரு பிரமை உண்டாகும். அதை 1936இல் அமைத்தவர் வால்டர் காஃப்மன் என்ற யூதர். இன்று செக் நாட்டில் உள்ள கார்ல்ஸ்பாட் நகரில் 1907இல் பிறந்து, ஐரோப்பிய சங்கீதத்தை முறையாகப் பயின்று, ஜெர்மனியில் ஹிட்லரின் ஆட்சி வேரூன்றத் தொடங்கியதும் 1934இல் பம்பாய்க்குக் கப்பலேறி வந்தவர். பம்பாய் வானொலி நிலையத்தின் ஐரோப்பிய சங்கீதப் பகுதிக்குப் பல ஆண்டுகள் தலைமை வகித்தவர். சொந்த ஊரில் வாழ இடமற்றுப்போன ஒரு மனிதர், வந்து சேர்ந்த நாட்டின் கோடிக்கணக்கான வீடுகளுக்குக் காலைப்பொழுதைத் தொடங்கிவைக்கும் இசையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார் என்பது, கற்பனைக் கதையாக யாரேனும் எழுதியிருந்தால் மிகை என்று தள்ளத்தக்கது.

ஆனால் இதைவிட எனக்கு அதிக வியப்பைத் தருவது, இதே வானொலி 1940ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் தேதியன்று செய்த காரியம். அன்றிலிருந்து தன் நிலையங்களில் இந்திய சங்கீதத்துக்கு ஆர்மோனியம் வாசிக்கக் கூடாது என்று அது விலக்கு விதித்தது. அந்த வாத்தியம் அந்நியமானது, நம் ஸ்வரங்களின் நுட்பத்தைக் கெடுக்கிறது என்பவை காரணங்கள். வெள்ளைக்காரர் ஆட்சியில் பிறந்த அந்த விலக்கு, சுதந்திரம் வந்த பிறகும் ஆடாமல் அசையாமல் நின்று, 1971இல்தான் சிறிது தளர்ந்தது. காஃப்மனின் இசையோடு காலையில் கதவைத் திறந்து, வயலினையும் கிளாரினெட்டையும் உள்ளே அழைத்து உட்காரவைத்துவிட்டு, ஆர்மோனியத்தைப் பார்த்து மட்டும் "நீ வேற்று நாட்டான்" என்று கதவைச் சாத்திய வேடிக்கை, முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்திருக்கிறது.

உலகமயமாக்கம் நம் கலாசாரத்தை விழுங்குகிறது என்றும், தொலைக்காட்சியும் கைப்பேசியும் நம்மை நாமல்லாதவர் ஆக்கிவிட்டன என்றும் இப்போது நடக்கும் வாதப் பிரதிவாதங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பழைய வழக்குதான் நினைவுக்கு வருகிறது. இன்று இரு பக்கத்தாரும் சொல்லக்கூடியவற்றில் பெரும்பகுதியை அன்றே இன்னும் நல்ல பாஷையில் சொல்லி முடித்துவிட்டார்கள். ஆகையால் நேயர்கள் சற்றுப் பொறுமையோடு இந்த வழக்கை என்னுடன் விசாரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

குற்றவாளிக் கூண்டில் நிற்பதன் ஜாதகம் இது. பாரீஸ் நகரத்து அலெக்சாந்தர் தெபெய்ன் என்பவர் 1840களின் தொடக்கத்தில் இதற்குக் காப்புரிமை பெற்றார். பெரிய ஆர்கன் வாங்க வசதியில்லாத சிறு தேவாலயங்களுக்கும் நடுத்தரக் குடும்பத்து வரவேற்பறைகளுக்கும் ஏற்றதாக, காலால் மிதித்துக் காற்றை ஏற்றி, இரண்டு கைகளாலும் பல ஸ்வரங்களை ஒருசேர அழுத்தி வாசிக்கும்படி அமைந்த மேஜைபோன்ற பெட்டி அது. பாதிரிமார்களோடும் துரைமார்களோடும் கப்பலில் கல்கத்தாவுக்கு வந்தது. அங்கே துவாரகாநாத் கோஷ் என்ற வாத்திய வியாபாரி, அந்த நூற்றாண்டின் கடைசிக் காலாண்டில், இதைக் கழற்றிப் பார்த்து ஒரு காரியம் செய்தார். கால்களை வெட்டினார், துருத்தியைப் பெட்டியின் பின்புறத்தில் கையால் இயக்கும்படி வைத்தார், விடாமல் ஒலிக்கும் சுருதிக்கென்று இழுப்பான்களைச் சேர்த்தார். இப்போது அது தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தவரின் மடிக்கு முன்னால் வந்துவிட்டது. ஒரு கை துருத்திக்குப் போய்விட்டபடியால் ஸ்வரங்களை அடுக்கி வாசிக்கும் ஐரோப்பிய முறைக்கு இடமே இல்லாமல் போயிற்று. மிஞ்சிய ஒரு கை, ஒன்றன்பின் ஒன்றாக ஸ்வரம் செல்லும் நம் முறையைத்தான் வாசித்தாக வேண்டும். எதற்காக அந்த வாத்தியம் பிறந்ததோ அந்தக் காரியத்தை அதனிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, அது கனவிலும் கண்டிராத காரியத்தை அதற்குக் கொடுத்த கோஷுக்கு, கலாசாரக் கலப்பைப் பற்றி எந்தக் கொள்கையும் இருந்ததாகத் தெரியவில்லை. வாடிக்கைக்காரர்கள் தரையில் உட்காருகிறவர்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

பெட்டியை ஊர் ஊராகக் கொண்டுபோனது நாடகம். பம்பாயில் பார்சிக்காரர்கள் நடத்திய நாடகக் கம்பெனிகள் ஆங்கிலேயரிடமிருந்து திரைச்சீலைகளையும் மேடையமைப்பையும், பாரசீகத்திலிருந்து கதைகளையும், வட நாட்டிலிருந்து மெட்டுகளையும் எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே இரவில் மேடையேற்றின. ரயிலும் கப்பலும் செல்லுமிடமெல்லாம் அவை சென்றன. சென்னைக்கு வந்தன, கொழும்புக்குப் போய் சிங்கள நூர்த்தி நாடகத்துக்கு வித்திட்டன, பினாங்குக்குப் போய் மலாய் பங்சவான் நாடகத்துக்குத் தாயாயின. நம் பக்கத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் போன்றவர்கள் புராணக் கதைகளை அந்தப் புது மேடைக்கு ஏற்ப எழுதினார்கள். நாடகப் பாட்டுப் புத்தகங்களில் ராகத்தின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'பார்சி மெட்டு' என்று அச்சாகியிருப்பதை இன்றும் காணலாம். இரவெல்லாம் நடக்கும் நாடகத்தில், ஒலிபெருக்கி வராத அந்தக் காலத்தில், ஆயிரக்கணக்கான ஜனங்களின் கடைசி வரிசைவரை எட்டும் குரலுக்கு ஈடுகொடுக்க வீணையால் ஆகுமா, சாரங்கியால் ஆகுமா? ஆர்மோனியத்தால்தான் ஆயிற்று. செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா உச்சஸ்தாயியில் சஞ்சரித்தபோது அவருடைய தமையனார் காசி ஐயர் ஆர்மோனியத்தில் கூடவே ஓடினார் என்பது நாடக ரஸிகர்கள் பரம்பரையாகச் சொல்லிவரும் செய்தி. முப்பது வயதுகூட நிரம்பாமல் 1933இல் மறைந்த அந்த மகா பாடகரின் இசைத்தட்டுகளைக் கேட்கும்போது, அந்தக் குரலைத் தாங்கிப் பிடிக்க அவ்வளவு உரத்த பெட்டி தேவைப்பட்டதன் காரணம் தானே விளங்கும்.

இனி வாதிகளின் பக்கம் வருவோம். இவர்கள் லேசுப்பட்டவர்கள் அல்லர்.

முதலில் எழுந்து நிற்பவர் ஆனந்த குமாரசுவாமி. 1909இல் வெளிவந்த தம் கட்டுரைத் தொகுதியிலேயே கிராமபோனையும் ஆர்மோனியத்தையும் ஒருசேரக் கண்டித்தவர். வீட்டில் பாடிக்கொண்டிருந்தவர்களை வாய்மூடிக் கேட்பவர்களாக்கும் யந்திரம் ஒன்று, நுண்ணிய காதை மழுங்கடிக்கும் யந்திரம் மற்றொன்று என்ற அவருடைய கவலையை இன்று படித்தாலும் பொருளற்றது என்று தள்ள முடியாது. ஆனால் யார் இந்தக் குமாரசுவாமி? கொழும்பில் 1877இல், யாழ்ப்பாணத் தமிழ் வம்சத்தவரான சர் முத்து குமாரசுவாமிக்கும் ஓர் ஆங்கிலப் பெண்மணிக்கும் பிறந்து, இங்கிலாந்தில் வளர்ந்து, பூகர்ப்ப சாஸ்திரம் கற்று, பிற்பாடு பாஸ்டன் நகரத்துக் கலைக்கூடத்தில் முப்பது ஆண்டுகள் உழைத்தவர். இரண்டு உலகங்கள் கலவாமல் இருந்திருந்தால் அவரும் இருந்திருக்க மாட்டார். இதில் இன்னொரு விசித்திரம்: அவருடைய தந்தையார் 1863இல் அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டவர். அதே அரிச்சந்திரன் கதையைத் தமிழ்நாட்டுக் கிராமந்தோறும் விடியவிடியச் சுமந்து சென்றது, மகன் வெறுத்த ஆர்மோனியம்.

அடுத்தவர் ஃபாக்ஸ் ஸ்ட்ராங்வேஸ் என்ற ஆங்கிலேயர். ஹிந்துஸ்தானத்துச் சங்கீதத்தைப் பற்றி 1914இல் பெரிய நூல் எழுதியவர். இந்திய சங்கீதத்தின் ஜீவனுக்கே இந்தப் பெட்டியால் ஆபத்து என்று எச்சரித்தார். அவருக்குப் பின் ஜான் ஃபோல்ட்ஸ். முதல் உலக யுத்தத்தில் மாண்டவர்களுக்காக ஒரு பிரம்மாண்டமான இசையஞ்சலியை இயற்றி லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் அரங்கேற்றிய இந்த ஆங்கிலேயர், 1930களில் இந்தியா வந்து, டில்லி வானொலியில் ஐரோப்பிய சங்கீதப் பகுதிக்குத் தலைவரானார். வானொலிப் பத்திரிகையில் ஆர்மோனியத்தைக் கிண்டல் செய்து அவர் எழுதிய கட்டுரை, பின்னர் வந்த தடைக்குப் பெரிதும் வழிகோலிற்று. ஆனால் அந்த ஃபோல்ட்ஸ் அதே நிலையத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்றால், நம் வாத்தியங்களையும் ஐரோப்பிய வாத்தியங்களையும் கலந்து ஒரு வாத்தியக் குழுவை அமைத்து நடத்திக்கொண்டிருந்தார்! 1939இல் கல்கத்தாவில் காலராவுக்கு இரையாகாமல் இருந்திருந்தால் அந்தக் கலப்பு முயற்சி எங்கே போய் முடிந்திருக்குமோ, யார் கண்டது?

கடைசி வாதி மகாகவி. ரவீந்திரநாத தாகூர் 1940 ஜனவரியில் கல்கத்தா வானொலி நிலையத்துக்கு எழுதிய கடிதத்தில், தம் ஆசிரமத்தில் ஆர்மோனியத்துக்கு இடமில்லை என்றும், வானொலியும் அதை விலக்குமானால் இந்திய சங்கீதத்துக்குப் பெரிய சேவையாகும் என்றும் தெரிவித்தார். அவர் சொன்னால் மறுபேச்சு ஏது? இரண்டே மாதத்தில் விலக்கு வந்தது. இந்த மகாகவி இளமையில் லண்டன் சென்று திரும்பியபோது ஸ்காட்லாந்து, அயர்லாந்து நாட்டுப்புற மெட்டுகளை நெஞ்சில் ஏந்தி வந்து அவற்றுக்கு வங்காள மொழியில் பாட்டு இயற்றியவர். நண்பர்கள் விடைபெறும்போது கைகோத்துப் பாடும் பழைய ஸ்காட்லாந்துப் பாட்டின் மெட்டு, அவர் கைபட்டு வங்காளிகளின் சொந்தப் பாட்டாகிவிட்டது; இன்று வங்காளத்தில் அதைப் பாடிக் கண் கலங்குகிறவர்களில் எத்தனை பேர் அது கடல் கடந்து வந்தது என்று நினைக்கிறார்கள்?

ஆக, வாதிகள் நால்வரில் கலப்பை வெறுத்தவர் ஒருவரும் இல்லை. பிறப்பாலோ, படிப்பாலோ, தொழிலாலோ, எல்லோரும் கலப்பின் குழந்தைகளே. பின் எதற்காக இந்தக் கோபம்? யோசிக்க யோசிக்க எனக்கு ஒன்றுதான் படுகிறது. அறிந்தோர் ஒருவர் ஆற அமர யோசித்து, தேர்ந்து, இதைக் கொள்வோம் இதைத் தள்ளுவோம் என்று நடத்தும் கலப்பு அவர்களுக்குச் சம்மதம். நாடகக் கொட்டகையிலும், பஜனை மடத்திலும், தாசிகளின் வீட்டுக் கூடத்திலும், யாருடைய அனுமதியும் கேளாமல், மலிவாகவும் உரக்கவும் நடந்துவிட்ட கலப்பைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை. வயலினுக்கும் ஆர்மோனியத்துக்கும் உள்ள பேதம் இங்கேதான் இருக்கிறது. வயலின், முத்துசுவாமி தீக்ஷிதரின் சகோதரர் பாலுசுவாமி தீக்ஷிதர் வழியாகவும், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவின் வழியாகவும், திருவாங்கூர் ஸ்வாதித் திருநாள் மகாராஜா 1834இல் தந்தக் கைவேலைப்பாடு உள்ள வயலினைப் பரிசளித்த பெருமையோடும், அதாவது வாசல் வழியாக, வந்தது. ஆர்மோனியம் கொல்லை வழியாக வந்தது.

இப்படிச் சொல்வதால் வாதிகளின் வாதத்தில் சாரமில்லை என்று யாரும் கருதிவிடக் கூடாது. வீணையின் தந்தியை இழுத்தால் ஸ்வரம் வழுக்கிக்கொண்டு அடுத்த ஸ்தானத்துக்குப் போகும், குரலும் அப்படியே. ஆர்மோனியத்தில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு பித்தளை ரீடு. அது தன் ஸ்தானத்தில் நின்றபடியே கத்தும். இரண்டு கட்டைகளுக்கு நடுவே உள்ள வெளியில் அதற்கு வேலை இல்லை. தோடியின் காந்தாரமோ பைரவியின் நிஷாதமோ அந்த வெளியில்தான் ஊசலாடி உயிர்வாழ்கின்றன. போதாததற்கு, ஐரோப்பியர்கள் பியானோவின் சௌகரியத்துக்காக ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பாகங்களாக வெட்டிவிட்டபடியால், தம்பூராவின் தந்தியில் தானாகவே எழும் அந்தர காந்தாரத்தைவிட ஆர்மோனியத்தின் காந்தாரம் சற்றுத் தூக்கலாகவே நிற்கும். கேட்டுப் பழகிய செவிக்கு அது உறுத்தும். வட நாட்டில் பாடகியின் பின்னால் நிழலாக வந்துகொண்டிருந்த சாரங்கி, கற்பதற்கு எளிதான இந்தப் பெட்டியின் வரவால் மெல்ல மெல்லத் தன் இடத்தை இழந்ததும் உண்மை. இந்த நஷ்டங்களை நஷ்டம் என்றே எழுதவேண்டும். கலப்பெல்லாம் லாபம் என்று பேசுகிற உற்சாகிகளோடு எனக்கு உறவில்லை.

எனினும் தென்னாட்டுச் சங்கீத உலகம் இந்த விஷயத்தில் காட்டிய சாமர்த்தியத்தைச் சொல்லாமல் விட முடியாது. பெட்டியை மேடையேற்றாமல் தள்ளிவைத்தது. ஆனால் அதன் கட்டைகளைப் பிடுங்கிவிட்டு, துருத்தியையும் ஷட்ஜ பஞ்சம ரீடுகளையும் மட்டும் வைத்துக்கொண்டு, சுருதிப் பெட்டி என்று பெயரிட்டு உள்ளே அழைத்துக்கொண்டது. நாகஸ்வரக் கோஷ்டியில் மூச்சடக்கி ஒத்து ஊதிய ஆளின் வேலையை அந்தப் பெட்டி எடுத்துக்கொண்டது. அத்தோடு நிற்கவில்லை. "அவருக்கு ஒன்றரைக் கட்டை, இந்த அம்மாளுக்கு ஐந்தரைக் கட்டை" என்று நம் வித்வான்கள் இன்றுவரை சுருதியை அளக்கும் அளவை எது? ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணி, கறுப்புக் கட்டைகளை அரை என்று வைத்த கணக்கு அது. சங்கீத பரிசுத்தத்தைக் காக்கப் பிரசங்கம் செய்யும் பெரியவர்கூடத் தம் சுருதியைச் சொல்ல அந்தப் பெட்டியின் கட்டையைத்தான் எண்ணுகிறார்.

ஆர்மோனியத்தை வெளியே நிறுத்திய வானொலி, 1952இல் இன்னொரு கதவையும் சாத்தியது. அந்த ஆண்டு செய்தி ஒலிபரப்புத் துறை மந்திரியாக வந்த பி. வி. கேஸ்கர், சாஸ்திரீய சங்கீதத்தில் ஆழ்ந்த பயிற்சி உள்ளவர். சினிமாப் பாட்டுகள் நாட்டின் ரஸனையைக் கெடுக்கின்றன, அவற்றில் மேல்நாட்டு இரைச்சல் புகுந்துவிட்டது என்பது அவருடைய அபிப்பிராயம். சினிமாப் பாட்டுகளுக்கு ஒதுக்கிய நேரத்தைக் குறைத்தார். படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரமாகும் என்று அதையும் நிறுத்தினார். படமுதலாளிகள் சினந்து ஒப்பந்தங்களை விலக்கிக்கொள்ள, சில ஆண்டுகள் இந்திய வானொலியில் சினிமாப் பாட்டே இல்லாமல் போயிற்று. அவர் காலத்தில்தான் தேசிய சங்கீத நிகழ்ச்சி தொடங்கியது என்பதையும், ஜமீன்களும் சமஸ்தானங்களும் ஒழிந்து ஆதரவற்று நின்ற எத்தனையோ வித்வான்களுக்கு வானொலிச் சம்பளம் சோறு போட்டது என்பதையும் நன்றியோடு சொல்லவேண்டும். ஆனால் ஜனங்கள் என்ன செய்தார்கள்? வானொலிப் பெட்டியின் திருகை மெல்லத் திருப்பினார்கள். முள் கொழும்பில் போய் நின்றது.

கொழும்பு அவ்வளவு பலமாகக் கேட்டதற்கும் ஒரு கதை உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பானோடு போரிட்ட நேசப் படைகளின் தளபதியான மௌண்ட்பேட்டனின் தலைமையகம் இலங்கையில் இருந்தபோது, அந்தப் படைவீரர்களுக்காக நூறு கிலோவாட் சக்தியுள்ள சிற்றலை ஒலிபரப்பி ஒன்றை எக்கலையில் நிறுவினார்கள். யுத்தம் முடிந்தது, யந்திரம் மிஞ்சியது, இலங்கை அரசின் கைக்கு வந்தது. கிளிஃபோர்ட் டாட் என்ற ஆஸ்திரேலியர் வந்து 1950இல் வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கிவைத்தார். 1952 டிசம்பரில் ஹிந்திப் பாட்டுகளைத் தரவரிசைப்படுத்தும் 'பினாகா கீத்மாலா' நிகழ்ச்சி பிறந்தது. அமீன் சயானி பம்பாயில் பேசிப் பதிவு செய்த நாடாக்கள் விமானத்தில் கொழும்பு சென்று, அங்கிருந்து அலைகளாகத் திரும்பி இந்தியாவுக்கே வந்தன. செலவுக்குப் பணம் தந்தது ஸ்விட்ஸர்லாந்துக் கம்பெனி ஒன்றின் பற்பசை. பிரிட்டிஷ் ராணுவத்தின் யந்திரம், ஆஸ்திரேலிய நிர்வாகி, ஸ்விஸ் பற்பசை, இலங்கை மண், கோவாக்காரர்கள் தேவாலயத்தில் கற்ற ஐரோப்பிய முறையில் வாத்தியக் குறிப்பெழுதிய பம்பாய்ப் பாட்டு: இவை எல்லாம் சேர்ந்து, தூய இந்திய ரஸனையைக் காக்க டில்லி எழுப்பிய மதிலை ஒவ்வொரு புதன்கிழமை இரவும் தாண்டிக் குதித்தன. உலகமயமாக்கம் என்ற வார்த்தை நம் பத்திரிகைகளில் நடமாடத் தொடங்குவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு இது நடந்தது என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

தமிழ்நாட்டில் எங்கள் தென் ஜில்லாக்களில் கொழும்பு வர்த்தக சேவையின் தமிழ் ஒலிபரப்பு இதைவிடப் பெரிய அற்புதம். எஸ். பி. மயில்வாகனனின் குரலையும், பின்னர் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது முதலியோரின் குரல்களையும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, சென்னைப் படங்களின் பாட்டுகளை யாழ்ப்பாணத்துச் சாயல் கலந்த செந்தமிழில் அறிமுகப்படுத்திக் கேட்பதே இயல்பாகிவிட்டது. என் சித்தப்பா ஒருவர், காலையில் 'பொங்கும் பூம்புனல்' கேட்காமல் பல்துலக்க மாட்டார். திருச்சி நிலையத்துக் கச்சேரி என்றால், அதில் பாடுகிறவர் எவ்வளவு பெரியவராயினும், "மரியாதைக்காக வை" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். அப்படி ஒரு பாகுபாடு வீடுதோறும் இருந்தது. டில்லிக்கும் விஷயம் புரிந்து, 1957 அக்டோபரில் விவித பாரதியைத் தொடங்கியது. மதிலைக் கட்டியவர்களே ஐந்து ஆண்டுகளில் அதில் ஒரு வாசலை வெட்டினார்கள்.

ஆர்மோனியத்துக்கு வாசல் திறக்க அதைவிட நெடுநாள் பிடித்தது. 1971க்குப் பிறகு, உயர்ந்த தரத்துக் கலைஞர்களுக்குப் பக்கவாத்தியமாக வரலாம் என்று தொடங்கி, படிப்படியாகத் தளர்ந்தது. அதற்குள் வெளியுலகில் அது பெறாத இடமில்லை. கவ்வாலிக்காரர்களின் கையில் அது குமுறியது, பல்லடம் வேங்கடரமண ராவ் போன்றவர்கள் கர்நாடக ராகங்களையே அதில் தனியாக வாசித்துக் காட்டினார்கள், எம். எஸ். விஸ்வநாதன் அதன்முன் உட்கார்ந்துதான் மெட்டமைத்தார். பாவலர் வரதராசனின் கட்சிமேடைக் கச்சேரிகளில் அதோடு வளர்ந்த தம்பி இளையராஜாவின் கையில் அது எங்கெங்கே போயிற்று என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. ஐரோப்பாவிலோ, மின்சார ஆர்கன் வந்ததும் அதன் தாய்வீடு காலியாயிற்று. இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் யோகாசனம் பயில்வோர் கீர்த்தனம் பாடுவதற்கு ஆர்மோனியம் வாங்குகிறார்கள். குஜராத்தின் பாலிதானாவிலும் கல்கத்தாவிலும் செய்யும் சரக்கு, புராதன பாரத வாத்தியம் என்ற விலாசத்தோடு பாரீஸுக்கே கப்பலேறுகிறது. தெபெய்ன் எழுந்து வந்தால் அடையாளம் கண்டுகொள்வாரா என்பது சந்தேகம்.

வழக்கு முடிந்துவிட்டதா என்றால், இல்லை. அமிருதசரஸ் பொற்கோயிலில் கீர்த்தனைக்கு வாசிக்கப்படும் ஆர்மோனியத்தை மூன்று ஆண்டுகளுக்குள் படிப்படியாக விலக்கி, குருமார்கள் காலத்துத் தந்தி வாத்தியங்களை மீண்டும் கொண்டுவரவேண்டும் என்று 2022இல் சீக்கியர்களின் தலைமைப் பீடமான அகால் தக்தின் தலைவர், அதாவது ஜதேதார், தெரிவித்தார். தந்தி வாத்தியங்கள் திரும்பி வருவது நல்ல காரியமே. அவற்றைக் கற்பிக்க ஆள் வைத்துச் சம்பளம் கொடுப்பதை நான் மனமார ஆதரிப்பேன். ஆனால் ஒன்றை வளர்ப்பதற்கு மற்றொன்றை வெளியேற்றியாக வேண்டும் என்ற நம்பிக்கை, 1940இல் தவறியது போலவே இப்போதும் தவறும் என்றுதான் நினைக்கிறேன். அந்த முப்பது ஆண்டுத் தடையால் சாரங்கி மீண்டும் தழைத்துவிடவில்லை.

சென்ற பங்குனியில் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வள்ளி திருமண நாடகம் பார்க்கப் போயிருந்தேன். மேடையின் ஓரத்தில், காலால் மிதிக்கும் பழைய ஆர்மோனியம் ஒன்றும், அதன் பக்கத்திலேயே பளபளக்கும் கீபோர்டு ஒன்றும் இருந்தன. தொடங்குவதற்கு முன், அவற்றை வாசிக்கும் பின்பாட்டுக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் சுருதி மாறிவிடுகிறபடியால், இப்போது வரும் பையன்கள் ஒரே கட்டையில் விரல்பழகிவிட்டு எல்லாக் கட்டைக்கும் பொத்தானை நம்புகிறார்கள் என்று குறைப்பட்டார். "எங்க வாத்தியார்கிட்ட நான் பன்னெண்டு கட்டையிலயும் தனித்தனியா சாதகம் பண்ணினேன் சார். ராஜபார்ட் நடுராத்திரியில அரைக் கட்டை ஏத்திப் பாடினாலும் கை தானா போகும்" என்றார். அப்படியானால் கீபோர்டு எதற்கு என்று கேட்டேன். ஊர்ப் பெரியவர்கள் கூடி, நம் பாரம்பரியமான ஆர்மோனியம் இல்லாத செட்டை இந்த ஊருக்குள் விடக்கூடாது என்று தீர்மானம் போட்டார்களாம். பபூனும் டான்ஸும் வரும் காட்சிக்குப் புதுச் சினிமாப் பாட்டு, அதுவும் கீபோர்டில்தான் வேண்டும் என்று இளவட்டங்கள் தனியாக வசூல் செய்து பணம் கட்டினார்களாம். "இரண்டுக்கும் சம்பளம் உண்டா?" என்றேன். "ஆள் ஒருத்தன்தானே, ஒரு சம்பளம்தான்னு ரெண்டு கட்சிக்காரங்களும் ஒத்துமையாச் சொல்லிட்டாங்க சார்" என்று சொல்லிவிட்டு, துருத்தியை மிதித்துப் பார்த்துக்கொண்டார்.